கால்நடைகளின் புழுநோய்களுக்குத் தடுப்பூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கட்டுப்படுத்த உலகெங்கும் இன்றளவும் குடற்புழு நீக்க மருந்துகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். தடுப்பூசி முயற்சிகள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டபோதிலும், பண்ணையாளர் கைக்கு வந்தவை மிகச் சில. அவை எவை, மற்றவை ஏன் வரவில்லை என்று கால்நடை வளர்ப்போரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. புழு என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் உருண்டைப்புழு, தட்டைப்புழு, நாடாப்புழு ஆகிய மூன்றையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

குடற்புழு நீக்க மருந்து இருக்கும்போது தடுப்பூசி எதற்கு?

மருந்து கொடுத்த நாளில் உடலில் இருக்கும் புழுக்கள் சாகின்றன. ஆனால் அதே ஆடு மேய்ச்சலுக்குப் போய்ப் புல்லோடு புதிய இளம்புழுக்களை விழுங்கும்போது, பெரும்பாலான மருந்துகளால் அவற்றைத் தடுக்க இயலாது. ஆகவே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக்குத் தப்பிய புழுக்களே முட்டையிட்டு மேய்ச்சல் நிலத்தை நிரப்புகின்றன. தையாபெண்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத செம்மறியாட்டுப் புழுக்கள் பதிவாகிவிட்டன. 1981இல் வந்த ஐவர்மெக்டினுக்கும் பின்னர் இதே கதிதான். முற்றிலும் புதிய வகையான மோனிபான்டெல் 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமாயிற்று. அதற்கும் 2013இல் அந்நாட்டிலேயே எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்கள் இருப்பதாக அறிக்கை வெளியானது. கால்நடைக்கென்று புதிய மருந்து வகை ஒன்று வருவதே அரிது என்னும் நிலையில், வருகிற மருந்தும் நான்கைந்து ஆண்டுகளில் வலுவிழந்தால் வேறு வழி தேடத்தான் வேண்டும். அந்த வேறு வழிகளுள் தடுப்பூசியும் ஒன்று. அது ஒன்றே வழி என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

புழுக்களுக்கு எதிராக உடல் தானாகவே எதிர்ப்பாற்றல் பெறுகிறதா?

பெறுகிறது, ஆனால் மெதுவாக. ஒரே மந்தையில் மேயும் குட்டிகள் புழுத் தாக்குதலால் மெலிந்து கழிய, அவற்றின் தாய் ஆடுகள் அதே புல்லைத் தின்று பெரும் கேடின்றி இருப்பதை எவரும் பார்க்கலாம். பலமுறை புழுக்களை எதிர்கொண்ட ஆட்டின் இரைப்பைச் சளிப்படலத்தில் மாஸ்ட் செல்களும் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்களும் திரள்கின்றன. ஐஜிஏ, ஐஜிஈ வகை எதிர்ப்பொருள்கள் சுரக்கின்றன. உள்ளே வரும் இளம்புழு நிலைகொள்ள முடியாமல் போகிறது, அல்லது வளர்ச்சி குன்றிக் குறைவாக முட்டையிடுகிறது. புதிய இளம்புழுக்களைப் பெருமளவில் விழுங்கியபின் செம்மறியாடு தன் உடலிலிருந்த பழைய புழுக்களையும் சேர்த்து வெளியேற்றிவிடும் ‘தன்குணமாதல்’ என்ற நிகழ்வை நார்மன் ஸ்டோல் 1929இலேயே விவரித்தார்.

இந்த இயற்கைப் பாதுகாப்புக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. குட்டிப் பருவத்தில் அது இன்னும் உருவாகியிருக்காது. ஈனும் காலத்தை ஒட்டித் தாயிடம் அது தளர்ந்துவிடும். தாய் அதிகம் முட்டைகளை வெளியேற்றுவதும் எதிர்ப்பாற்றல் இல்லாத குட்டி புல் மேயத் தொடங்குவதும் அடுத்தடுத்து வருகின்றன. புழுவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. தடுப்பூசி ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சி என்றே சொல்லலாம்.

முதன்முதலில் வெற்றி பெற்ற புழுத் தடுப்பூசி எது?

மாடுகளின் நுரையீரல் புழுவான டிக்டியோகாலஸ் விவிபாரஸுக்கு எதிரானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கால்நடை மருத்துவப் பள்ளியில் ஜாரட், ஜென்னிங்ஸ், மெக்கின்டயர், மல்லிகன், அர்குஹார்ட் ஆகியோர் 1950களில் உருவாக்கிய இத்தடுப்பூசி 1959இல் ‘டிக்டால்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் வேறு வணிகப் பெயர்களில் அது தொடர்ந்து கிடைத்துவருகிறது.

அதன் செயல்முறை எளிமையானது. எளிமைக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. நோய் தரக்கூடிய மூன்றாம் நிலை இளம்புழுக்களின்மீது எக்ஸ் கதிரோ காமா கதிரோ பாய்ச்சப்படுகிறது. கதிர் குறைந்தால் புழு வளர்ந்து நோயை உண்டாக்கும். கூடினால் செத்த புழு எந்த எதிர்ப்பாற்றலையும் தூண்டாது. ஏறத்தாழ 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கிடைத்தது. கதிர் பட்ட இளம்புழு உயிரோடு குடல் சுவரைத் துளைத்து, நிணநீர்க் கணுக்களை அடைகிறது. சில நுரையீரல் வரைகூடப் போகின்றன. ஆனால் பெரும்பாலானவை முதிர்ச்சியடைவதற்கு முன்பே மடிகின்றன. அந்தப் பயணத்தின்போது அவை வெளியிடும் பொருள்களைக் கண்டு உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. எட்டு வாரம் நிறைந்த கன்றுக்கு, ஆயிரம் இளம்புழுக்கள் கொண்ட ஒரு வேளை மருந்து வாய்வழியே புகட்டப்படுகிறது. நான்கு வாரம் கழித்து இரண்டாம் வேளை. அதன்பின் மேலும் இரண்டு வாரம் கன்றை மேய்ச்சலுக்கு விடக்கூடாது.

ஊசியே போடாத இதைத் ‘தடுப்பூசி’ என்கிறோம்; பழகிய பெயர் என்பதால் இருக்கட்டும். உயிருள்ள புழு என்பதால் குளிர்ச்சியில் வைத்தாலும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பருவத்துக்கு முன்பே தேவையைக் கணக்கிட்டுத் தயாரித்து, உடனே பயன்படுத்த வேண்டும்.

அதே கதிர்வீச்சு முறையை எல்லாப் புழுக்களுக்கும் பயன்படுத்தியிருக்கலாமே?

முயன்றார்கள். செம்மறியாட்டு நுரையீரல் புழுவான டிக்டியோகாலஸ் ஃபிலேரியாவுக்கு அது பலித்தது. ஆனால் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவான ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸுக்கு 1960களில் இதே முறையைச் செய்து பார்த்தபோது, வளர்ந்த ஆடுகளில் நல்ல பாதுகாப்பு கிடைத்ததே தவிர, இளங்குட்டிகளில் கிடைக்கவில்லை. பாதுகாப்பு தேவைப்படுவது குட்டிகளுக்குத்தான் என்பதால் அந்த வழி அத்துடன் நின்றது. நாய்களின் கொக்கிப்புழுவுக்கு எதிராக அமெரிக்காவில் 1973இல் விற்பனைக்கு வந்த கதிர்வீச்சுத் தடுப்பூசி 1975இல் திரும்பப் பெறப்பட்டது. அது கால்நடைக்கானதன்று எனினும், உயிருள்ள இளம்புழுவைச் சரக்காக விற்பதன் சிரமத்தைப் பேசும்போதெல்லாம் அந்த உதாரணம் வந்துவிடுகிறது.

‘மறைந்த ஆன்டிஜென்’ என்பது என்ன? ஹீமாங்கஸ் தடுப்பூசியில் அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஆன்டிஜென் என்பது எதிர்ப்பொருளை உண்டாக்க உடலைத் தூண்டும் பொருள். ஹீமாங்கஸ், ஆட்டின் நான்காம் இரைப்பையில் சளிப்படலத்தைக் கீறி இரத்தம் குடிக்கும் புழு. ஒரு புழு ஒரு நாளில் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது என்பது பாடநூல் கணக்கு. ஆயிரக்கணக்கில் புழுக்கள் இருந்தால் என்னாகும் என்பதைத் தாடை வீக்கமும் வெளுத்த கண்ணிமையும் காட்டிவிடும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடுகிறது.

இப்புழுவின் குடல் உட்சுவரில் வரிசையாக நுண்விரலிகள் உள்ளன. குடித்த இரத்தத்தைச் செரிக்கும் நொதிகள் அவற்றின் மேற்பரப்பில் பதிந்திருக்கின்றன. எச்11 என்று பெயரிடப்பட்ட அமினோபெப்டிடேஸும், எச்-கால்-ஜிபி என்ற பெரிய புரதத் தொகுதியும் அவற்றுள் முக்கியமானவை. புழுவின் குடலுக்குள் இருக்கும் இப்புரதங்களை ஆட்டின் நோயெதிர்ப்பு மண்டலம் இயல்பாகச் சந்திப்பதே இல்லை. இதனால்தான் ‘மறைந்த’ என்ற அடைமொழி. அவற்றைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசியாகச் செலுத்தினால், இரத்தத்தில் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. புழு அடுத்த வாய் இரத்தத்தைக் குடிக்கும்போது அந்த எதிர்ப்பொருள்களையும் சேர்த்தே குடிக்கிறது. அவை நுண்விரலிகளில் படிந்து, செரிமான நொதிகளின் வேலையைக் கெடுக்கின்றன. புழு மெலிந்து, முட்டையிடுவது குறைந்து, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வெளியேறிவிடுகிறது. முட்டையிடும் பெண்புழுக்களே முதலில் பாதிக்கப்படுகின்றன என்பது மேய்ச்சல் நிலத்துக்குக் கூடுதல் ஆதாயம்.

ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்த இந்த ஆராய்ச்சி, மேற்கு ஆஸ்திரேலிய வேளாண்மைத் துறையின் கூட்டு முயற்சியுடன் 2014இல் ‘பார்பர்வாக்ஸ்’ என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் அதன் பெயர் ‘வயர்வாக்ஸ்’. ஒரு வேளைக்கு வெறும் 5 மைக்ரோகிராம் புரதம். அத்துடன் எதிர்ப்பாற்றலைக் கூடுதலாகத் தூண்டும் துணையூக்கியாகச் சபோனின். குட்டிகளுக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று ஊசிகள் போட்ட பிறகே பாதுகாப்பு முழுமை பெறுகிறது. அதன்பின் புழுப் பருவம் முடியும் வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊக்க ஊசி வேண்டும்.

ஏன் இத்தனை ஊசிகள்? மறைந்த ஆன்டிஜெனின் பலமே அதன் பலவீனமும் ஆகிறது. மேய்ச்சலில் புழுவைச் சந்திப்பதால் இந்த எதிர்ப்பாற்றல் வலுப்பெறாது; எதிர்ப்பொருளின் அளவு குறையக் குறைய நாம்தான் மீண்டும் ஊசி போட்டு ஏற்றிவைக்க வேண்டும். ஆனால் ஊசி போட்ட குட்டி சிறிதளவு புழுக்களை எதிர்கொண்டபடியே வளர்வதால், தடுப்பூசியின் பாதுகாப்புக்கு அடியில் அதன் இயற்கை எதிர்ப்பாற்றலும் உருவாகிவருகிறது. சினை ஆடுகளுக்குப் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் எதிர்ப்பொருள்கள் செல்கின்றன.

இந்தப் புரதத்தை ஆய்வகத்தில் பெருமளவில் தயாரிக்க இயலாதா?

இந்தத் துறையில் மிக அதிகமாக ஏமாற்றம் தந்த கேள்வி இதுதான். எச்11 மரபணு பல ஆண்டுகளுக்கு முன்பே படியெடுக்கப்பட்டுவிட்டது. ஈ.கோலை பாக்டீரியாவிலும், பூச்சி செல்களிலும், ஹீமாங்கஸுக்கு உறவான சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற, மண்ணில் வாழும் உருண்டைப்புழுவிலும்கூட அப்புரதத்தை உற்பத்தி செய்து பார்த்தார்கள். ஆடுகளில் எதிர்ப்பொருள் தாராளமாக உண்டாயிற்று. பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை.

காரணம், புரதம் என்பது அமினோ அமிலங்களின் வரிசை மட்டுமன்று. அது எப்படி மடிகிறது, அதன்மீது எந்தச் சர்க்கரைத் தொடர்கள் எந்த இடத்தில் ஒட்டுகின்றன, பக்கத்துப் புரதங்களோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பவையெல்லாம் சேர்ந்தே அதன் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. நொதியின் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உருவாக வேண்டுமானால் அந்த உருவம் அசலாக இருக்க வேண்டும். இதனால் இன்று விற்கப்படும் தடுப்பூசிக்கும் மூலப்பொருள் உண்மையான புழுக்கள்தாம். இதற்கென வளர்க்கும் ஆடுகளுக்கு இளம்புழுக்களைக் கொடுத்து, வளர்ந்த புழுக்களை அவற்றின் இரைப்பையிலிருந்து திரட்டி, புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். வேளைக்கு ஐந்து மைக்ரோகிராமே போதும் என்பதாலேயே இம்முறை வணிகத்துக்குக் கட்டுப்படியாகிறது. ஐம்பது மைக்ரோகிராம் தேவைப்பட்டிருந்தால் இத்தடுப்பூசி ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றிருக்கும்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். ‘ஊசி போட்ட ஆடுகளில் எதிர்ப்பொருள் அளவு பன்மடங்கு உயர்ந்தது’ என்று மட்டும் சொல்லும் செய்தி எதையும் நிரூபிப்பதில்லை. புழு எண்ணிக்கையும் முட்டை எண்ணிக்கையும் குறைந்தனவா என்றே கேட்க வேண்டும்.

நாடாப்புழுக்களுக்கு மட்டும் ஆய்வகப் புரதம் எப்படிப் பலித்தது?

இங்கே தாக்கப்படும் பருவம் வேறு. செம்மறியாடோ பன்றியோ நாடாப்புழுவின் முட்டையை விழுங்கியதும், அதிலிருந்து ஆங்கோஸ்பியர் என்ற நுண்ணிய கரு வெளிப்பட்டு, ஆறு கொக்கிகளுடன் குடல் சுவரைத் துளைத்து இரத்த ஓட்டத்தில் கலந்து, தசையிலோ ஈரலிலோ தங்கி நீர்க்கட்டியாக மாறுகிறது. கட்டி உருவாகிவிட்டால் எதிர்ப்பொருளால் அதை அசைக்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் சில நாள்கள் அந்தக் கரு பாதுகாப்பற்றது. எதிர்ப்பொருளும், இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுப்பும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். அந்தப் பருவத்தில் வெளிப்படும் புரதங்கள் சிறியவை, ஈ.கோலையில் தயாரித்தாலும் தேவையான உருவம் கிடைத்துவிடுகிறது.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் டீனியா ஓவிஸ் என்ற செம்மறியாட்டு நாடாப்புழுவுக்கு எதிராக இப்படி உருவாக்கிய தடுப்பூசி, 1989இல் வெளியான சோதனையில் 94 விழுக்காடு பாதுகாப்பளித்தது. பலசெல் ஒட்டுண்ணி ஒன்றுக்கு எதிராக மரபுப் பொறியியல் புரதம் இந்த அளவு வெற்றி பெற்றது அதுவே முதல்முறை. தொடர்ந்து, மார்ஷல் லைட்டவ்லர்ஸ், டேவிட் ஹீத் ஆகியோர் ஹைடாடிட் கட்டியை உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸுக்கு எதிராக ஈஜி95 என்ற ஆன்டிஜெனை 1996இல் அறிவித்தனர்; செம்மறியாடுகளில் அதன் பாதுகாப்பு 95 விழுக்காட்டுக்கும் மேல். பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் நீர்க்கட்டிகளைப் பன்றிகளில் தடுக்கும் டிஎஸ்ஓஎல்18 என்ற ஆன்டிஜென் அதே வழியில் வந்தது. ஈஸ்ட் செல்களில் தயாரிக்கப்படும் அந்தத் தடுப்பூசியை ஐதராபாத்திலுள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் ‘சிஸ்வாக்ஸ்’ என்ற பெயரில் உற்பத்தி செய்கிறது.

இவ்வளவு பலன் தந்தும் நாடாப்புழுத் தடுப்பூசிகள் ஏன் பரவலாகவில்லை?

ஊசிக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்பதால். டீனியா ஓவிஸ் கட்டிகளால் ஆடு நோயுற்றுத் தெரிவதில்லை. இறைச்சிக்கூடத்தில் கட்டிகள் தென்பட்டு இறைச்சி கழிக்கப்படும்போதுதான் நட்டம் புரிகிறது. பண்ணை நாய்களுக்கு மருந்து கொடுத்து அதே நோயைக் குறைக்க வழி இருந்ததால், அத்தடுப்பூசி நியூசிலாந்தில் பதிவு பெற்றும் சந்தைக்கு வராமலே போயிற்று. ஹைடாடிட் நோயிலும், பன்றி நாடாப்புழுவிலும் பெரும் துன்பம் மனிதருக்கே: முன்னதில் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள், பின்னதில் மூளையில் கட்டிகளும் வலிப்பும். பன்றி வளர்ப்பவரின் பார்வையில், நன்றாகத் தின்று நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் பன்றிக்கு இரண்டு முறை ஊசி போடுவது வீண்செலவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆகவே இவை பொதுச் சுகாதாரச் செலவில் நடக்க வேண்டியவை என்பது என் கருத்து; நடந்த இடங்களில் பலனும் தெரிகிறது. அர்ஜென்டினாவிலும் சீனாவிலும் ஈஜி95 அரசுத் திட்டங்களின் வழியேதான் மந்தைகளைச் சென்றடைந்தது. கேமரூனில் நடந்து 2010இல் வெளியான களச்சோதனையில் டிஎஸ்ஓஎல்18 ஊசியையும் ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பன்றிகளிடையே நோய் பரவுவது முற்றிலும் நின்றது. மருந்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: ஊசிக்கு முன்பே உடலில் குடியேறிய கட்டிகளை ஊசி தொடாது, மருந்து அழிக்கும், மருந்துக்குப் பின் வரும் புதிய கருக்களை ஊசி தடுக்கும்.

ஈரல் தட்டைப்புழுவுக்குத் தடுப்பூசி எப்போது?

அருகில் இல்லை. கதெப்சின் எல், குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ், லியூசின் அமினோபெப்டிடேஸ், கொழுப்பு அமிலப் பிணைப்புப் புரதம் எனப் பல ஆன்டிஜென்கள் ஆடுகளிலும் மாடுகளிலும் சோதிக்கப்பட்டுவிட்டன. ஒரு சோதனையில் எண்பது விழுக்காடு வரை பாதுகாப்பு தந்த ஆன்டிஜென் அடுத்த சோதனையில் முப்பதைத் தாண்டுவதில்லை.

ஈரல் தட்டைப்புழுவான ஃபேஸியோலா ஹெப்பாட்டிக்கா எதிராளியாகவே கெட்டிக்காரப் புழு. விழுங்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் இளம்புழு குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, வயிற்று உட்குழி வழியே ஈரலை அடைகிறது. உடல் விழித்துக்கொள்வதற்குள் அது இடம் மாறிவிடுகிறது. அதன் மேலுறையான கிளைக்கோகேலிக்ஸைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உதிர்த்துப் புதிதாக்கிக்கொள்வதால், வந்து ஒட்டிய எதிர்ப்பொருள்களும் செல்களும் அதனுடன் கழன்று போகின்றன. அது சுரக்கும் கதெப்சின் என்ற நொதி எதிர்ப்பொருளையே வெட்டுகிறது. போதாக்குறைக்கு, உடலின் எதிர்வினையைத் தனக்குத் தீங்கில்லாத திசைக்குத் திருப்பும் மூலக்கூறுகளையும் வெளியிடுகிறது. ஐரோப்பியச் செம்மறிகள் மறுபடி மறுபடி நோய்ப்பட்டும் எதிர்ப்பாற்றல் பெறுவதில்லை என்பதால், இயற்கையிலிருந்து பார்த்துக் கற்கவும் வழி குறைவு. ஒரு விதிவிலக்கு இந்தோனேசியாவின் மெல்லிய வால் செம்மறி: அது ஃபேஸியோலா ஜைகான்டிகாவை எதிர்த்து நிற்கிறது, ஆனால் ஹெப்பாட்டிக்காவிடம் தோற்றுவிடுகிறது. நெருங்கிய இரண்டு இனங்களிடையே இந்த வேறுபாடு எதனால் என்று ஆராய்வது, இன்னொரு ஆன்டிஜெனை ஊசியில் ஏற்றிப் பார்ப்பதைவிடப் பயன்தரும் என்று தோன்றுகிறது.

மற்ற இரைப்பைப் புழுக்களின் நிலை?

மாடுகளின் ஆஸ்டர்டேஜியாவும் செம்மறிகளின் டெலடார்சேஜியாவும் ஹீமாங்கஸைப் போல இரத்தத்தை நம்பி வாழ்வதில்லை. எனவே மறைந்த ஆன்டிஜென் வழி அவற்றுக்கு ஒத்துவரவில்லை. புழுக்கள் சுரந்து வெளியிடும் புரதங்களை நாட வேண்டியிருக்கிறது. எட்டுப் புரதங்களைச் சேர்த்து மோர்டன் நிறுவனம் டெலடார்சேஜியாவுக்குத் தயாரித்த கலவை, 2013இல் வெளியான இரு சோதனைகளில் முட்டை எண்ணிக்கையைச் சராசரியாக 70, 58 விழுக்காடு குறைத்தது. எட்டுப் புரதம் கொண்ட தடுப்பூசியை விலைக்குக் கட்டுப்படியாகும்படி தயாரிப்பது கடினம் என்பதால், எவற்றை விடலாம் என்ற தேடல் தொடர்ந்தது. ஆஸ்டர்டேஜியாவுக்கு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலும் புழுவிலிருந்து நேரடியாக எடுத்த புரதம் பலன் தந்தது.

முழுப் பாதுகாப்பு தராத தடுப்பூசியால் என்ன பயன்?

வைரஸ் நோய்த் தடுப்பூசிகளுக்குப் பழகிய நமக்கு அறுபது, எழுபது விழுக்காடு என்பது தோல்வியாகத் தெரிகிறது. புழுநோயில் கணக்கு வேறு. புழு ஆட்டின் உடலுக்குள் பெருகுவதில்லை. முட்டை சாணத்துடன் வெளியேறி, நிலத்தில் பொரித்து, இளம்புழுவாகிப் புல்லில் ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டால்தான் அடுத்த தலைமுறை. ஆகவே இந்தப் பருவத்தில் முட்டை குறைந்தால் சில வாரங்களில் புல்லில் இளம்புழு குறைகிறது; அதனால் ஊசி போட்ட ஆடும் போடாத ஆடும் விழுங்கும் அளவு குறைகிறது. 1990களில் ஆஸ்திரேலியாவில் பார்ன்ஸ் முதலியோர் கணினி மாதிரிகளைக் கொண்டு செய்த கணிப்பில், மந்தையில் எண்பது விழுக்காடு ஆடுகளுக்கு அறுபது முதல் எண்பது விழுக்காடு பலன் தரும் தடுப்பூசியே போதிய பயன் தரும் என்று தெரிந்தது.

இன்னொன்று: புழுக்கள் எல்லா ஆடுகளிலும் சமமாக இருப்பதில்லை. சில ஆடுகளின் வயிற்றில்தான் பெரும்பாலான புழுக்கள் குவிந்திருக்கும். ஊசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாத ஆடுகளும் அவையே என்றால், சராசரி நன்றாக இருந்தாலும் நிலத்தில் முட்டை குறையாது. சராசரி விழுக்காட்டோடு, மோசமான சில ஆடுகள் எப்படி இருந்தன என்பதையும் சோதனை அறிக்கையில் தேடிப் பார்ப்பது நல்லது.

தடுப்பூசி போட்ட மந்தைக்குக் குடற்புழு நீக்கம் தேவையில்லையா?

தேவைப்படலாம். ஹீமாங்கஸ் தடுப்பூசி ஹீமாங்கஸை மட்டுமே தடுக்கும். அதே ஆட்டின் குடலில் உள்ள டிரைக்கோஸ்ட்ராஞ்சிலஸுக்கு அது ஒரு பொருட்டன்று. நுண்ணோக்கியில் இரண்டின் முட்டைகளும் ஒன்று போலவே தெரிவதால், ஊசி போட்ட பின்னும் முட்டை எண்ணிக்கை உயர்ந்திருந்தால் ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சாணத்தை வளர்ப்பு முறையில் வைத்து, பொரித்து வரும் இளம்புழுக்களை இனம் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும். சாணத்தில் முட்டைகளை எண்ணும் வழக்கமான மெக்மாஸ்டர் முறையில் கண்ணில் பட்ட ஒரு முட்டை பெரும்பாலும் கிராமுக்கு 50 முட்டை என்று கணக்கிடப்படுவதால், சிறிய வேறுபாடுகளுக்கு அதிகப் பொருள் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் ஊசிக்கு முன்பு குட்டிக்கு முழுப் பாதுகாப்பு இராது என்பதால், அந்த வாரங்களில் கண்ணிமையின் உட்புற நிறத்தைப் பார்த்து, வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஏற்ற வழி. மேய்ச்சல் நிலத்தைச் சுழற்சியில் விடுவதும், புழுவைத் தாங்கும் கிடாக்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வதும் ஊசியோடு சேர்ந்து நடக்கலாம். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

மருந்துக்குப் பழகியதுபோல, புழுக்கள் தடுப்பூசிக்கும் பழகிவிடுமா?

கொள்கையளவில் முடியாதது அன்று. ஹீமாங்கஸில் மரபு வேறுபாடு மிக அதிகம். ஒரு மேய்ச்சல் நிலத்திலேயே கோடிக்கணக்கான முட்டைகள் விழும்போது, மாறுபட்ட புரதம் கொண்ட புழு ஒன்றாவது இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒரு மருந்து பெரும்பாலும் புழுவின் ஒரே இலக்கைத் தாக்குகிறது. அங்கே சிறு மாற்றம் ஏற்பட்டாலே புழு தப்பிவிடும். குடல் நொதிகளின் கலவையை எதிர்க்கும் ஆடு ஒரே புரதத்தின் பல பகுதிகளுக்கும், பல புரதங்களுக்கும் ஒருசேர எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு, செரிமானத்தையும் கெடுத்துக்கொள்ளாமல் பிழைப்பது புழுவுக்கு எளிதன்று. மேலும் இப்புரதங்களை ஆட்டின் நோயெதிர்ப்பு மண்டலம் இதுவரை தாக்கியதே இல்லை என்பதால், அவற்றை உருமாற்ற வேண்டிய நெருக்கடி புழுவுக்கு இருந்ததில்லை.

ஒரே புரதத்தை நம்பும் தடுப்பூசிகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செம்மறியாடுகளில் பரவும் எக்கினோகாக்கஸ் வகையிலிருந்து எடுக்கப்பட்ட ஈஜி95 புரதத்துக்கும், ஒட்டகம், பன்றி ஆகியவற்றில் பரவும் ஜி6, ஜி7 வகைகளின் புரதத்துக்கும் வேறுபாடு இருப்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. எனவே அந்த வகைகள் பரவியுள்ள பகுதிகளில் இத்தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்குமுன், அங்குள்ள கால்நடைகளின் கட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து எந்த வகை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.